ஆர்னிதாப்டர்: தமிழில் என்ன சொல்வது?

சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் பூங்காவில் இருவாச்சிப் பறவை தலைக்கு மேலே போனால், கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். ஒவ்வோர் இறக்கை வீச்சும் 'வுஷ்' என்று கேட்கும். அதைக் கேட்டுவிட்டுத்தான், தொடக்கநிலை 4 படிக்கும் என் அக்கா மகன், "மாமா, மோட்டார் வச்சு இப்படி இறக்கை அடிச்சா நாமளும் பறக்கலாம்தானே?" என்றான். அப்படிப்பட்ட ஊர்திக்கு ஆர்னிதாப்டர் என்று பெயர் இருக்கிறது என்றேன். "தமிழ்ல என்ன?" என்று அடுத்த கேள்வி வந்தது. சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

சொல் கிரேக்க வேர்களால் ஆனது. 'ஆர்னிஸ்' என்றால் பறவை, 'ப்டெரான்' என்றால் சிறகு. ஹெலிகாப்டரிலும் இதே சிறகுதான் ஒளிந்திருக்கிறது. 'ஹெலிகோ' திருகு, 'ப்டெர்' சிறகு. 1861இல் ஒரு பிரெஞ்சுக்காரர் உருவாக்கிய சொல் அது. 'ஹெலி', 'காப்டர்' என்று நாம் உடைப்பது பின்னால் வந்த பழக்கம்.

ஆனால் 'பறவைச் சிறகு' என்ற நேர்ப்பொருள் நமக்கு உதவாது. சாங்கி விமான நிலையத்தில் இறங்கும் விமானத்துக்கும் இறக்கை இருக்கிறது, அது அசையாமல் நிற்கிறது, அவ்வளவுதான். 1799இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் கேய்லி இரண்டு வேலைகளைப் பிரித்தார்: தாங்கிப் பிடிப்பது இறக்கையின் வேலை, முன்னே தள்ளுவது வேறொன்றின் வேலை. இன்றைய விமானம் அந்த வழியில் வந்தது. ஆர்னிதாப்டரில் இரண்டையும் சிறகே செய்தாக வேண்டும். கீழே அடிக்கும்போது காற்றைத் தள்ளி உடலைத் தூக்க வேண்டும், அதே வீச்சில் முன்னேயும் செலுத்த வேண்டும். மேலே வரும்போது முறுகியோ மடங்கியோ வர வேண்டும், இல்லாவிட்டால் பெற்ற உயரத்தை அதுவே கெடுத்துவிடும். ஆக, இந்தச் சொல்லின் உயிர் 'அடித்தல்'.

சரி, பையனின் கேள்வி? பறந்திருக்கிறார்கள், கொஞ்ச நேரம். 2006 ஜூலையில் டொரோண்டோ பல்கலைக்கழகக் குழுவின் மோட்டார் ஆர்னிதாப்டர், ஒரு சிறு ஜெட்டின் துணையோடு, விமானியைச் சுமந்து 14 விநாடி பறந்தது. 2010 ஆகஸ்டில் அதே பல்கலைக்கழகத்தின் 'ஸ்னோபேர்ட்' மோட்டாரே இல்லாமல், விமானியின் கால் பலத்தால் 19.3 விநாடியில் 145 மீட்டர் போனது. அதையும் முதலில் கார்தான் இழுத்துக் கிளப்பியது. அதன் இறக்கை விரிப்பு 32 மீட்டர், எடையோ ஏறத்தாழ 43 கிலோ! கையில் கட்டிக்கொள்ளும் சிறகு எவ்வளவு தூரத்துக் கனவு என்பது அந்த 32 மீட்டரிலேயே தெரியும். உடல் எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு வளர்ந்தால் எடை எட்டு மடங்காகும், சிறகின் பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். 19 கிராம் எடையுள்ள இயந்திர ரீங்காரச் சிட்டு (ஹம்மிங்பேர்ட்) 2011இலேயே அந்தரத்தில் நின்று பறந்ததற்கும், மனிதனைத் தூக்குவது இவ்வளவு பாடாக இருப்பதற்கும் இதுதான் காரணம். 2012இல் நெதர்லாந்தில் ஒருவர் மோட்டார் சிறகுகளைக் கட்டிக்கொண்டு பூங்காவில் பறக்கும் காணொளியை உலகமே பார்த்தது. அது கணினியில் செய்த காட்சி என்று செய்தவரே பிறகு ஒப்புக்கொண்டார். எனக்கு அது பெரிய ஏமாற்றம், ஏனென்றால் நான் முழுதாக நம்பியிருந்தேன்.

தமிழுக்கு வருவோம். சீவக சிந்தாமணியில் கருவுற்ற விசயை தப்பிச் செல்வது மயிற்பொறியில், அதாவது மயில் வடிவப் பறக்கும் பொறியில். புறநானூற்றில் 'வலவன் ஏவா வான ஊர்தி' வருகிறது, ஓட்டுநர் செலுத்தாத வான ஊர்தி என்று பொருள். இங்கே நம் செய்திகளில் டிரோனை 'ஆளில்லா வானூர்தி' என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரி நினைவுக்கு வரும். சிறகுக்கும் பழைய வடிவம் உண்டு: சிறை. 'அஞ்சிறைத் தும்பி' என்றால் அழகிய சிறகுள்ள தும்பி.

'பறவை விமானம்' என்றால் பறவை உருவில் வண்ணம் பூசிய விமானமோ என்று தோன்றும். 'இயந்திரச் சிறகு' என்றால் உறுப்பு மட்டும் தெரியும், ஊர்தி தெரியாது. என் தேர்வு 'சிறகடி வானூர்தி'. சிறகடிப்பது என்பது நாம் பேச்சிலும் சொல்வதுதான், பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம். இலக்கணப்படி இது வினைத்தொகை. ஊறுகாய் போல, முக்காலமும் இதற்குள் அடக்கம்: சிறகடித்த, சிறகடிக்கிற, சிறகடிக்கும் வானூர்தி.

ஆளைச் சுமக்காத சின்னஞ்சிறு வகைக்கு 'சிறகடி பொறி' போதும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் நடுவில் 'ப்' போட வேண்டாம். அக்கா மகன் போட்டுத்தான் எழுதினான், அப்புறம் அடித்துத் திருத்தினோம்.