36, 23.3, 49: பின் சக்கரத்தை அகலமாக்கும் கணக்கு

1960களில் வந்த சில போர்ஷே 911 கார்களின் முன் பம்பருக்குள், மூலைக்கு 11 கிலோவாக இரண்டு வார்ப்பிரும்புக் கட்டிகள் ஒளிந்திருக்கும். எடையைக் கிராம் கிராமாகக் குறைக்கப் பாடுபட்ட ஒரு நிறுவனம், எந்த வேலையும் செய்யாத 22 கிலோ இரும்பைத் தன் காரில் ஏற்றியது. காரின் மூக்கு லேசாகவும் வால் கனமாகவும் இருந்ததுதான் காரணம்.

911-இல் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. மொத்த எடையில் கிட்டத்தட்ட பத்தில் ஆறு பங்கு பின் சக்கரங்களின் மேல். ஆனால் தொடக்கக் காலத்தில் நான்கு சக்கரத்திலும் ஒரே 165 மி.மீ. டயர்தான்.

வளைவில் கார் திரும்பும்போது டயர் பார்க்கும் திசையும் அது உண்மையில் போகும் திசையும் ஒன்றாக இருப்பதில்லை. ரப்பர் பக்கவாட்டில் முறுகி, இரண்டுக்கும் நடுவே சில டிகிரி இடைவெளி விழுகிறது. இதைச் சறுக்குக் கோணம் என்கிறோம். இந்த முறுக்கம் இல்லாவிட்டால் காரைத் திருப்பும் விசையே பிறக்காது. எந்த அச்சின் மேல் எடை அதிகமோ, அந்த அச்சைத் திருப்ப விசையும் அதிகம் வேண்டும். ஆனால் டயரின் மேல் சுமை இரட்டித்தால் பிடிப்பு இரட்டிப்பதில்லை. அதற்குச் சற்றுக் குறைவாகவே ஏறும். ஆகவே ஒரே அளவு டயர் போட்டால், கனமான பின்பக்கம் முன்பக்கத்தைவிடப் பெரிய சறுக்குக் கோணத்துக்குப் போகிறது. வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எடை முன்னுக்குச் சாய்ந்து பின் டயர்களின் பிடி இன்னும் தளர்கிறது. வால் வெளியே வீசிவிடும்.

பம்பர் இரும்பு ஒட்டுப்போடும் வேலைதான். 1969 மாடலில் பின் சக்கரங்களை 57 மி.மீ. பின்னுக்கு நகர்த்தி, பேட்டரியை இரண்டாகப் பிரித்து முன் சக்கரங்களுக்கும் முன்னால் வைத்தார்கள். அது நல்ல தீர்வு. பாக்கி வேலையை டயர் செய்தது. 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வந்த கரேரா ஆர்எஸ் 2.7-இல் முன்னால் 6 அங்குல அகல ரிம்மில் 185/70 டயர் (185 மி.மீ. அகலம், அதில் 70 சதவீதம் பக்கச் சுவரின் உயரம்), பின்னால் 7 அங்குல அகல ரிம்மில் 215/60 டயர். விற்பனைக்கு வந்த 911-களில் முன்னும் பின்னும் வேறு வேறு அகலம் கொண்ட முதல் கார் இது.

அகல டயர் என்றால் சாலையில் அதிக ரப்பர் படும், அதனால் பிடிப்பு கூடும் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அவ்வளவு சரியில்லை. காரின் எடை ஏறத்தாழ 1000 கிலோ, அதில் ஒரு பின் சக்கரத்தின் பங்கு 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டயருக்குள் சதுர செ.மீ.க்கு 2 கிலோ அழுத்தம் இருந்தால், அந்தச் சுமையைத் தாங்கத் தோராயமாக 150 சதுர செ.மீ. பரப்பு சாலையைத் தொட வேண்டும். டயர் ஒல்லியா அகலமா என்று இந்தக் கணக்கு கேட்பதே இல்லை. மாறுவது சாலையைத் தொடும் அந்தத் தடத்தின் வடிவம். ஒல்லி டயரில் 12 செ.மீ. அகலமும் 12.5 செ.மீ. நீளமுமாக இருந்த தடம், அகல டயரில் 16 செ.மீ. அகலமும் ஒன்பதரை செ.மீ. நீளமுமாகக் குறுகிப் படுக்கும்.

பிறகு லாபம் எங்கே? முதலாவது, டயரின் ரப்பருக்கு அடியில் சுற்றி ஓடும் பெல்ட். மரப்பலகையைத் தட்டையாக வைத்து அழுத்தினால் வளையும். குத்தாக நிறுத்தி அழுத்தினால் அசையாது. சாலைக்கு மேல் படுத்திருக்கும் பெல்ட்டுக்குப் பக்கவாட்டு விசை அந்த வளையாத வாட்டத்தில்தான் வருகிறது. அகலம் கூடக் கூட அது வளைய மறுக்கும். அதனால் சிறிய சறுக்குக் கோணத்திலேயே தேவையான விசை கிடைத்துவிடுகிறது. அடுத்தது, உள்ளே காற்றின் கொள்ளளவு கூடுவதால் அதே சுமையைக் குறைந்த அழுத்தத்தில் தாங்கலாம். தடம் உண்மையில் பெரிதாவது அப்போதுதான். மூன்றாவதாக, உராய்வின் சூடு அதிக ரப்பரில் பரவுவதால் மென்மையான ரப்பர் கலவை தாக்குப்பிடிக்கும்.

ஆர்எஸ்-இல் இன்னொரு நுணுக்கம். 185-இல் 70 சதவீதம் 129.5 மி.மீ. பக்கச் சுவர், 215-இல் 60 சதவீதம் 129. அதை இருமடங்காக்கி 15 அங்குல விட்டமுள்ள ரிம்மின் 381 மி.மீ.யைக் கூட்டினால் முன் டயர் விட்டம் 640, பின் டயர் 639. அகலம் 30 மி.மீ. கூடியும் உயரம் ஒரே ஒரு மி.மீ.தான் மாறியது. பின் டயரின் விட்டத்தை விருப்பம்போல் மாற்றினால் கியர் விகிதமே மாறியது போலாகும், ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இனிதான் வருகிறது. ரிம்மின் நடுக்கோட்டுக்கும், அது ஹப்பில் (அச்சின் நுனியில் சக்கரம் மாட்டும் பாகம்) போய் உட்காரும் முகத்துக்கும் இடையே உள்ள தூரத்தை ஆஃப்செட் என்பார்கள். இந்த எண் குறைந்தால் ரிம் வெளியே நகரும், கூடினால் உள்ளே. 911-க்கு ஃபுக்ஸ் நிறுவனம் செய்த 6 அங்குல அகலச் சக்கரத்தின் ஆஃப்செட் 36 மி.மீ. அதை 7 அங்குலமாக்கினால் 25.4 மி.மீ. கூடுகிறது. ஆஃப்செட்டை மாற்றாமல் விட்டால் உள்ளே 12.7, வெளியே 12.7. ஆனால் 15 அங்குல விட்ட ஃபுக்ஸில் 7 அங்குல அகலச் சக்கரம் ஒன்றின் ஆஃப்செட் 23.3. அதாவது 36-இலிருந்து 12.7-ஐக் கழித்த விடை. உட்புற விளிம்பு பழைய இடத்திலேயே நிற்க, கூடுதல் அகலம் முழுவதும் வெளியே போகிறது.

இன்னொரு 7 அங்குல ஃபுக்ஸும் உண்டு, 7ஆர் என்று பெயர். அதன் ஆஃப்செட் 49. இது 36-உடன் 12.7-ஐக் கூட்டினால் வரும் எண்ணுக்கு மிக அருகில். வெளி விளிம்பு இருந்த இடத்தில் இருக்க, வளர்ச்சி முழுவதும் உள்நோக்கி. மட்கார்டை அகலப்படுத்தாத ஒல்லி உடல் காரிலும் 7 அங்குல ரிம் அடங்கும் வழி இது. ஆர்எஸ் உடலின் அகலமோ 1610 மி.மீ.யிலிருந்து 1652 ஆனது. பக்கத்துக்கு 21 மி.மீ. வீங்கிய அந்தப் பின் மட்கார்டு அழகுக்காகச் செய்தது என்று நினைப்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இந்த வேலையைத் தன் பழைய காரில் செய்ய நினைப்பவர் ரிம் விளிம்பை மட்டும் அளந்து நிறுத்தக்கூடாது. டயரின் வயிறு ரிம்மைத் தாண்டிப் பிதுங்கும். அளக்க வேண்டியது அதைத்தான். கார் நிற்கும்போது இருக்கும் இடைவெளியும் போதாது. ஜாக்கியால் சஸ்பென்ஷன் ஆர்மை முழுதாக மேலே தூக்கிப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஆளும் சாமானும் ஏறிப் பள்ளத்தில் விழும்போதுதான் டயர் மட்கார்டில் உரசும். ஸ்பேசர் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளினால் அதே நீளப் போல்ட்டில் நட் பிடிக்கும் மரை குறைந்துவிடும். பேரிங்கின் மேல் நெம்புகோலும் நீள்கிறது. இதில் அலட்சியம் காட்டுவது உயிரோடு விளையாடுவது.

எஞ்சின் முன்னால் இருக்கும் கார்களுக்கு இந்தப் பாடம் அப்படியே பொருந்தாது. 1960களின் ஃபோர்டு மஸ்டாங்கில் மூக்குதான் கனம். அதற்குப் பின்னால் மட்டும் அகல டயர் போட்டால் நேர்கோட்டில் கிளம்பும்போது சக்கரம் சுழன்று வீணாவது குறையும். வளைவில் ஏற்கெனவே திரும்பத் தயங்கும் மூக்கு இன்னும் தயங்கும்.

மழையையும் மறக்கக்கூடாது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில், 3 மி.மீ. ஆழத் தண்ணீரில், 165 மி.மீ. அகலத்தை ஒதுக்கிச் செல்ல ஒரு டயர் வினாடிக்கு 11 லிட்டர் நீரைத் தள்ள வேண்டும், 215 மி.மீ.க்கு 14 லிட்டருக்கும் மேல். தடம் குட்டையாகிவிட்டதால் அதற்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. உலர்ந்த சாலையில் வாலைப் பிடித்து நிறுத்திய அதே டயர், தேய்ந்த நிலையில் மழையில் மாட்டினால் முன் டயருக்கு முன்பே மிதக்கத் தொடங்கலாம்.