ஞானபோஜனமும் ஆன்மீக உணவும்

திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்கள் கன்வென்ஷன் என்னும் பிரசங்கக் கூட்டத்துக்குப் பந்தல் போட்டால், வாசல் பதாகையில் 'ஆன்மீக உணவு' என்ற சொல் வந்துவிடுகிறது. காலையில் கைப்பேசிக்கு வரும் வசனப் படத்துக்கும் அதே பெயர்தான். பிரசங்கத்தைக் குறிக்கவும் அதுவே. பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில் (கடிதத்தில்), இஸ்ரவேலர் வனாந்தரத்தில் உண்ட உணவைச் சொல்லும் 1 கொரிந்தியர் 10:3-ஐ விளக்கவும் அதுவே. இந்தச் சொல் தவறு.

முதலில் எழுத்து. லௌகிகம், வைதிகம் போல 'ஆன்மிகம்' என்பதே சரி. இது சின்னக் குற்றம். பெரிய குற்றம் பொருளில் இருக்கிறது.

பவுல் அங்கே எழுதிய கிரேக்கச் சொல் ப்நியூமாட்டிகோஸ். ப்நியூமா என்றால் காற்று, மூச்சு, ஆவி. வேர் அவ்வளவுதான். ஆன்மாவுக்குக் கிரேக்கத்தில் வேறு சொல் உண்டு: ப்சூகே. அதன் அடைமொழி ப்சூகிகோஸ். இதே நிருபத்தில் பவுல் இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்துகிறார். 15:44-இல் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு ஒன்றை 'ஜென்ம சரீரம்' என்றும் மற்றதை 'ஆவிக்குரிய சரீரம்' என்றும் பிரிக்கிறது. 2:14-இல் ஆவிக்குரியவற்றை ஏற்காத 'ஜென்மசுபாவமான மனுஷன்' மூலத்தில் ப்சூகிகோஸ். ஆகவே 'ஆன்மிக உணவு' என்பதைச் சொல்லுக்குச் சொல் கிரேக்கத்துக்குத் திருப்பினால், பவுல் எதிர்ப்பக்கத்தில் நிறுத்திய சொல்தான் வந்து விழும்.

அதைவிட மோசம், கேட்பவர் மனதில் அது உண்டாக்கும் படம்: வயிற்றுக்கு ஒரு சாப்பாடு, ஆன்மாவுக்கு வேறொரு சாப்பாடு. பவுல் பேசுவது வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த மன்னாவைப் பற்றி. அது வயிற்றுக்குப் போன உணவு. தலைக்கு ஒரு ஓமர், ஏறக்குறைய 2 லிட்டர் அளவு, அன்றன்றைக்குப் பொறுக்க வேண்டும். மறுநாளைக்கு மிச்சம் வைத்தால் புழுத்து நாறியது. ஆறாம் நாள் மட்டும் இரண்டு ஓமர், அது கெடவில்லை. எண்ணாகமம் 11:8-இன்படி ஜனங்கள் அதை ஏந்திரத்தில் அரைத்தார்கள், உரலில் இடித்தார்கள், பானையில் சமைத்தார்கள். உரலில் இடித்த பண்டத்தைத்தான் பவுல் ப்நியூமாட்டிகோஸ் என்கிறார். அற்புதம் அது வந்த வழியில் இருக்கிறது. நம் சபைகளில் எல்லோரும் கூடி உண்ணும் அசனப் பண்டிகையில் அண்டாவில் பொங்கிய சோறு சோறாகவே இருந்துகொண்டு அசனம் ஆவதில்லையா? அப்படித்தான். 10:5-ஐயும் பார்க்க வேண்டும்: அதை உண்டவர்களில் அதிகமானோர் வனாந்தரத்தில் அழிந்தார்கள். ஆன்மாவை வளர்த்த உணவு என்று பொருள் கொண்டால் பவுலின் எச்சரிக்கையே குலைந்துபோகும்.

யோவான் 6-ஐக் காட்டி மறுப்பவர் உண்டு. ஐந்து வாற்கோதுமை அப்பமும் இரண்டு மீனும் ஐயாயிரம் பேருக்குப் போதுமானதாகி, 12 கூடை மிஞ்சியபின், 'அழிந்துபோகிற போஜனத்திற்காக' உழைக்காதேயுங்கள் என்று இயேசு சொல்வது உண்மை. ஆனால் அங்கே அந்த உணவுக்குப் பெயர் 'ஜீவ அப்பம்'. ப்நியூமாட்டிகோஸ் என்ற சொல் அந்த அதிகாரத்தில் இல்லை. இரண்டு இடத்துக்கும் ஒரே முத்திரையைக் குத்துவது சோம்பல்.

பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 1 கொரிந்தியர் 10:3, 4-இல் ஞானபோஜனம், ஞானபானம், ஞானக்கன்மலை என்கிறது. எபேசியர் 5:19-இல் ஞானப்பாட்டு. ஞானஸ்நானம், ஞானத்தகப்பன் என்று வீட்டுப் பேச்சிலும் அந்த வழக்கு நிற்கிறது. மெஞ்ஞானபுரம் என்று ஊருக்கே பெயர். அழகான வழக்கு, காதுக்கும் இதம். ஆனால் இதே நிருபத்தின் முதல் அதிகாரத்தில் ஞானம் என்பது சோஃபியா, அதாவது அறிவு. 1 பேதுரு 2:2-இன் 'ஞானப்பால்' மூலத்தில் மூன்றாவதொரு சொல், லோகிகோஸ். அதே லோகிகோஸ் ரோமர் 12:1-இல் 'புத்தியுள்ள' ஆராதனை ஆகிவிட்டது. போதாததற்கு, ஞானப்பால் என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது சீர்காழியும் சம்பந்தரும். ஒரு சொல்லின் தலையில் இத்தனை சுமை கூடாது.

சரியான சொல் ஏற்கெனவே 1 கொரிந்தியர் நிருபத்தின் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது: 'ஆவிக்குரிய'. ஆகவே, ஆவிக்குரிய உணவு. ஆவி என்றால் பேய் என்று எடுத்துக்கொள்வார்கள் என மொழிபெயர்ப்பாளர்கள் அஞ்சுவது வீண். பரிசுத்த ஆவி என்று ஞாயிறுதோறும் சொல்லும் சபைக்கு அந்தக் குழப்பம் வராது. 'ஆன்மீகப் பாறை' என்று படித்துவிட்டு விழிப்பதைவிட 'ஆவிக்குரிய கன்மலை' தெளிவு.

பதாகையில் பிரசங்கத்தைக் குறிக்க 'தேவசெய்தி' என்ற சொல் இருக்கவே இருக்கிறது. அதையே எழுதலாம்.