பிளாக்கேட்: முற்றுகையா, மறிப்பா?

சிங்கப்பூரில் ‘எந்த புளோக்?’ என்று கேட்காமல் யாரும் யார் வீட்டுக்கும் போய்ச் சேர முடியாது. அந்த புளோக்கும் ‘பிளாக்கேட்’ (blockade) என்ற போர்க்காலச் சொல்லும் ஒரே வேரில் வந்தவை. பழைய டச்சு மொழியில் அதற்கு மரக்கட்டை என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், வழியை அடைப்பதையும் குறித்தது. 17ஆம் நூற்றாண்டில் ஒரு வால் சேர்ந்து பிளாக்கேட் ஆனது. நாம் ‘முட்டுக்கட்டை போடாதே’ என்கிறோமே, அதிலும் இருப்பது கட்டைதான்.

தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோய் வடக்கோடு மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிப் படித்துக்கொண்டிருந்த அக்கா மகன், “பிளாக்கேடுக்குத் தமிழ்ல என்ன மாமா?” என்றான். முற்றுகை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

முற்றுதல் என்றால் சூழ்தல். குறளின் அரண் அதிகாரத்தில் முற்றுவது கோட்டையைச் சூழ்ந்துகொள்வதுதான். 1863இல் தெற்கின் விக்ஸ்பர்க் நகரை வடக்குப் படை 47 நாள் வளைத்துக் கிடந்தது. மக்கள் குகை வெட்டிக் குடியிருந்தார்கள். தாள் தீர்ந்துபோய், செய்தித்தாளை, சுவரில் ஒட்டும் பூத்தாளின் பின்பக்கத்தில் அச்சடித்தார்கள். சரி, இது முற்றுகை.

ஆனால் 1861 ஏப்ரலில் வடக்கின் அதிபர் லிங்கன் அறிவித்தது வேறு. பிரிந்துபோன தெற்கின் கடற்கரை சுமார் 5,600 கிலோமீட்டர். அதை யார் சூழ்வது? துறைமுக வாசல்களில் போர்க்கப்பல்கள் நின்றன, அவ்வளவுதான். பருத்தி உள்ளேயே தேங்கியது, வெளிச்சரக்கு வருவதும் அரிதானது. பீரங்கி வார்க்க ரிச்மண்டில் டிரெடிகர் ஆலை இருந்தது. வெடிமருந்துக்கு ஆகஸ்டாவில் புதிதாக ஆலை கட்டினார்கள். கோப்பிக்கொட்டைக்கு என்ன செய்வது? வெண்டை விதையை வறுத்து இடித்துக் குடித்தார்கள். நம் கோப்பிக்கடைக்காரர் காதில் இது விழ வேண்டாம். இருட்டில் காவலுக்குத் தப்பி பஹாமாஸ் தீவுகளின் நசாவிலிருந்து வந்த கப்பல்களிலோ துப்பாக்கியோடு பட்டும் பிராந்தியும் இறங்கின, லாபம் அதில்தானே! 1864 பிப்ரவரியில் ஆடம்பரச் சரக்குக்குச் சட்டம் போட்டே தடை விதிக்க வேண்டியிருந்தது.

‘பொருளாதாரத் தடை’யும் இங்கே பொருந்தாது. அது ‘உன்னோடு நான் வியாபாரம் செய்யமாட்டேன்’ என்பது. இதுவோ, மற்றவனையும் உன் வாசலுக்கு வரவிடாமல் குறுக்கே நிற்பது. குறுக்கே நிற்பதற்குத் தமிழில் ‘மறி’ இருக்கிறது. சாலை மறியல் தெரியாதவர் யார்? இலங்கைத் தமிழில் மறியல் என்றால் சிறை என்பதால், நான் ‘கடல் மறிப்பு’ என்பேன்.

“அப்போ அலபாமா?” என்றான். தெற்கின் அந்தப் போர்க்கப்பல் 1863 டிசம்பரில் சிங்கப்பூருக்கே வந்து நிலக்கரி ஏற்றியது. கிளம்பியதும் மலாக்கா நீரிணையில், மார்ட்டபான் என்ற அரிசிக் கப்பலைக் கொளுத்தியது. வடக்குத் தரப்பு அமெரிக்கர் கப்பல், பிரிட்டிஷ் கொடி ஏற்றியும் தப்பவில்லை. அலபாமா எந்தத் துறைமுகத்தையும் மறிக்கவில்லை, கண்ணில் பட்ட வணிகக் கப்பலைத் துரத்திப் பிடித்தது. அதற்குக் ‘கப்பல் வேட்டை’ போதும் என்றேன். எழுதிக்கொண்டான்.