சாயம் தொடாத பழுப்பு

அமெரிக்காவின் நூறாண்டு பழைய கிராஃப்ட்ஸ்மேன் பாணி வீடுகளின் படங்களைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அந்தச் சுவர்ப்பலகைகளின் அழுத்தமான பழுப்பு என்ன பாலிஷ்?" மேலே மெல்லியதாக பாலிஷ் இருக்கும்தான். ஆனால் அடியில் இருப்பது பெரும்பாலும் அம்மோனியா ஆவி காட்டிய ஓக் மரம்.

எந்திரம் வார்த்துத் தள்ளிய போலி அலங்காரங்களை வெறுத்து, 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் போன்றவர்கள் வளர்த்தது ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் இயக்கம். நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸ் அருகே மரச்சாமான் பட்டறை நடத்திய கஸ்டாவ் ஸ்டிக்லி, 1901இல் 'தி கிராஃப்ட்ஸ்மேன்' இதழைத் தொடங்கி அந்த இயக்கத்தை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுபோனார். மரம் மரமாகவே தெரியவேண்டும் என்பது கொள்கை. புது ஓக்கோ வைக்கோல் போல வெளிறிக் கிடக்கும். சாயம் பூசாமல் அதைக் கறுக்க வைப்பது எப்படி?

விடை மரத்துக்குள்ளேயே இருந்தது. ஓக்கின் வைரப்பகுதியில் டானின் ஏராளம்; கடுக்காயைக் கடித்தால் நாக்கை இழுக்கும் துவர்ப்பும் இதே குடும்பம்தான். நன்றாகக் காய்ந்த பலகையிலும் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும். துளைகள் வழியே நுழையும் அம்மோனியா வாயு அந்த ஈரத்தில் கரைந்து அதைக் காரமாக்குகிறது, அதாவது அமிலத்துக்கு நேரெதிரான தன்மைக்குக் கொண்டுபோகிறது. கார நிலையில் டானினின் ஹைட்ராக்சில் குழுக்கள் புரோட்டானை இழக்கின்றன. புரோட்டான் போன டானினின் கார்பன் வளையத்திடமிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்குவது காற்றிலுள்ள ஆக்சிஜனுக்கு எளிது. இப்படிப் பிறக்கும் குவினோன்கள் சும்மா இருப்பதில்லை. ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, அம்மோனியாவின் நைட்ரஜனையும் சேர்த்துக்கொண்டு பெருக்கின்றன. மூலக்கூறு பெரிதாகப் பெரிதாக நீல ஒளியில் தொடங்கி மேலும் மேலும் ஒளியை விழுங்குகிறது. கண்ணுக்கு எஞ்சுவது பழுப்பு. நிறமே இல்லாத ஒரு வாயு, மரத்திலிருந்தே நிறத்தை வரவழைத்துவிடுகிறது!

இதில் இன்னொரு அழகும் உண்டு. ஆரப்போக்கில், அதாவது மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி, அறுத்த ஓக் பலகையில் வெள்ளி வரிகள் மின்னும். நிறமிச் சாயம் துளைகளில் போய்த் தங்கும். அடர்த்தியான அந்த வரிகளில் ஒட்டாது. அதனால் வரி மட்டும் வெளிறித் துருத்தும். வாயுவோ இரண்டிலும் நுழைகிறது. வரிகள் மறையாமல் ஒரே குடும்ப நிறத்துக்குள் அடங்குகின்றன.

குதிரை லாயத்து ஓக் உத்திரங்கள் சிறுநீர் ஆவியில் கறுத்ததைப் பார்த்துத்தான் இந்த முறையைக் கண்டுபிடித்தார்கள் என்றொரு கதை உலவுகிறது. வேதியியல் பொருந்துகிறது என்பதற்காகக் கதை வரலாறு ஆகிவிடாது.

செய்முறை எளிது, ஆனால் பொல்லாதது. வீட்டைத் துடைக்கும் அம்மோனியா போதாது. 26 சதவீதக் கரைசல் வேண்டும். பலகையை உப்புத்தாளால் தேய்த்து முடித்து, காற்றுப் புகாத பாலித்தீன் கூடாரத்துக்குள் ஒன்றோடொன்று தொடாமல் நிறுத்தி, கரைசலை அகலத் தட்டுகளில் ஊற்றி மூடவேண்டும். 24 முதல் 48 மணி நேரம் ஆகும்; குளிரில் இன்னும் இழுக்கும். அதே மரத்தின் துண்டொன்றை உள்ளே வைத்து, அவ்வப்போது எடுத்து எண்ணெய் தடவிப் பார்க்கவேண்டும். ஆவி காட்டிய மரம் சாம்பல் பூத்துச் செத்ததுபோல் தெரியும். எண்ணெயோ அரக்கு பாலிஷோ பட்டால்தான் உண்மை நிறம் எழும். கண்ணை மூடிக் காக்கும் கண்ணாடியும் அம்மோனியாவுக்கான வடிகட்டி பொருத்திய முகமூடியும் இல்லாமல் கூடாரத்தைத் திறக்கக்கூடாது. காற்றில் பத்து லட்சத்துக்கு 300 பங்கு என்பதே உடனடி உயிராபத்து எல்லை.

கெடுவதற்கு வழிகள் பல. பலகை ஓரத்தில் வெள்ளை, அதாவது பட்டையை ஒட்டிய வெளிமரம், இருந்தால் அது வெளிறியே நிற்கும். சிவப்பு ஓக்கில் டானின் குறைவு, நிறம் சரியாக ஏறாது. பசை வழிந்த இடம் திட்டாகத் தெரியும். இரும்பு ஆணி இருந்தால் டானினோடு சேர்ந்து மை போன்ற கறுப்புக் கறை விழும். செம்பு, பித்தளைக் கைப்பிடிகளை அம்மோனியா அரிக்கும் என்பதால் முன்பே கழற்றிவிடவேண்டும். வெவ்வேறு மரத்துப் பலகைகள் வெவ்வேறு அளவில் கறுக்கும். வெளிறிய பலகையில் டானிக் அமிலக் கரைசலை முன்கூட்டியே தடவுவது வழக்கம்.

பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, அழுக்கென்று நினைத்து எந்திரம் வைத்துத் தேய்ப்பது. நிறம் மேல்தோலில் மட்டும்தான் இருக்கிறது. தேய்த்த இடத்தில் வைக்கோல் நிறம் எட்டிப்பார்க்கும். சுவரில் அறைந்த பலகையைச் சுற்றி மறுபடி கூடாரம் கட்டுவது நடக்கிற காரியமல்ல. மேல்பூச்சு அரக்கு என்றால் அதைக் கரைத்தெடுக்க ஆல்கஹால் நனைத்த துணி போதும்.