வால் எங்கே விழுந்தது?

வியாசர்பாடியிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியிருக்கிறாள். மழைக்குப் பிறகு தெருமுனைக் காலி மனையில் தேங்கிய தண்ணீரிலிருந்து தலைப்பிரட்டைகளைப் பிடித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் வளர்த்தாளாம். நான்கு கால்களும் முளைத்தபின் ஒன்றின் வாலைக் காணவில்லை. அடியில் துழாவியும் கிடைக்கவில்லை. எங்கே விழுந்தது?

விழவில்லை. தேரைக்குஞ்சு அதை உள்ளுக்குள்ளேயே கரைத்துக்கொண்டது. உருமாற்றத்தின் உச்சத்தில் வாயும் குடலும் மாறிக்கொண்டிருப்பதால் அது இரை எடுப்பதில்லை. வால்தான் கட்டுச்சோறு.

எல்லாவற்றையும் தொடங்கிவைப்பது தைராய்டு ஹார்மோன். 1912-ல் குடர்நாட்ச் என்ற ஆய்வாளர் குதிரைத் தைராய்டை ஊட்டியதும் தலைப்பிரட்டைகள் பொடிசாக இருக்கும்போதே தவளையாகின. இது பலரும் அறிந்த கதை.

என்னைப் பிடித்தாட்டும் கேள்வி வேறு. நோய் எதிர்ப்புச் செல்கள் 'இது நம் உடம்பு, தொடாதே' என்ற பாடத்தைத் தைமஸ் சுரப்பியில் கற்கின்றன. இவை கற்றதோ தலைப்பிரட்டையின் உடம்பை. சில வாரங்களில் தோலில் வேறு கெரட்டின் புரதமும் ரத்தத்தில் வேறு ஹீமோகுளோபினுமாக ஒரு தவளை உருவாகிறது. அந்நியன் என்று அதன்மேல் பாய வேண்டாமா?

பாய ஆள் குறைவு. உருமாற்றத்தில் கார்டிகோஸ்டிராய்டு ஹார்மோன்கள் உயர, தைமஸிலும் மண்ணீரலிலும் லிம்போசைட்டுகள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் பெருமளவில் மடிகின்றன. பிறகு வரும் புது அணி தவளை உடம்பைப் படிக்கிறது. ஆய்வுக்கூடங்களின் செல்லப்பிள்ளையான ஆப்பிரிக்க நகத்தவளையில், செல்லுக்கு அடையாள அட்டை போன்ற எம்.எச்.சி. முதல் வகைப் புரதம் தலைப்பிரட்டைப் பருவத்தில் செல்பரப்பில் ஏறக்குறைய தென்படுவதே இல்லை. உருமாறும்போதுதான் அந்த மரபணுக்கள் வாய் திறக்கின்றன.

ருசியே இனிமேல்தான். புது அணிக்கு வால் அந்நியம். 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நகத்தவளையின் வால் தோலில் இரண்டு புரதங்களைக் கண்டு, தன் வாலைத் தானே விழுங்கும் கிரேக்கப் பாம்பின் நினைவாக 'ஊரோ' என்று பெயரிட்டார்கள். அவற்றைக் குறிவைத்து, தைமஸில் பயின்ற டி செல்கள் வாலைத் தாக்குகின்றன என்பது அவர்கள் முடிவு. அவர்கள் அந்த மரபணுக்களை அடக்கியபோது, உருமாற்றம் முடிந்தும் வால் ஒட்டிக்கொண்டிருந்தது! ஆனால் வெட்டியெடுத்த வாலும் கண்ணாடித் தட்டில் தைராய்டு ஹார்மோன் பட்டால் சுருங்கும். முழுப் பெருமையும் டி செல்லுக்கு இல்லை.

தவளை வாலுக்கெல்லாம் எதற்கு ஆராய்ச்சி நிதி என்று கேட்பவர்கள் உண்டு. தன் உடம்பையே எதிரியாக்கும் முடக்குவாதத்தின் நடுக்கேள்வியும் இதுதான், ஐயா.

இந்த ஆள்குறைப்புக்கு விலையும் உண்டு. தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை கெரட்டினில் குடியேறுவது. தலைப்பிரட்டைக்கு வாயில் மட்டுமே கெரட்டின். உருமாறியபின் தோல் முழுவதும். காவல் இன்னும் தேறாத அந்த நாட்களில்தான் குஞ்சுகள் கூட்டமாகச் சாகின்றன.

வீட்டில் கைக்குழந்தை இருப்பதால், தேரை தோஷம் பிடிக்கும், கொட்டிவிடு என்கிறாராம் பாட்டி. மெலியும் குழந்தைக்குத் தேவை எடை பார்ப்பதும் மருத்துவரும்தான். தேரையைத் தொட்ட கைக்குச் சோப்பு போதும். நீ முதலில் பாட்டிலுக்குள் தண்ணீருக்கு மேலே தலைநீட்டும்படி ஒரு கல்லைப் போடு. அதற்கு இப்போது செவுள் இல்லை. ஏறி உட்கார இடமில்லாவிட்டால் மூழ்கிவிடும்.