அம்மைதானா என்று ஒருமுறை காட்டிவிடுங்கள்

2021 ஜூன். கொரோனா இரண்டாவது அலை ஓயத் தொடங்கிய நேரம். தேவகோட்டைப் பக்கமிருந்து எட்டு வயதுப் பிள்ளையைக் காரைக்குடிக்குத் தூக்கி வந்தார்கள். அப்பத்தா கையில் வேப்பிலைக் கொத்து.

"நாலு நாளாக் காய்ச்சல், உடம்பெல்லாம் செவப்பு. அம்மைன்னு மருந்து கொடுக்காம வச்சிருந்தோம். வயித்து வலியில துடிக்கிறா டாக்டர்."

உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை. இரண்டு கண்ணும் சிவந்திருந்தன, பீளை இல்லை. உதடு வெடித்திருந்தது. காய்ச்சல் கொதித்தும் கை கால் ஜில்லென்று இருந்தன, நாடி ஓட்டமாக ஓடியது. எனக்குப் பயம் வந்தது அதைப் பார்த்துத்தான். வழியில் பார்த்த ஒருவர் குடல்வால் என்று சந்தேகப்பட்டிருந்தார். குறை சொல்ல மாட்டேன், அந்த வயிற்று வலி அப்படித்தான் ஏமாற்றும்.

"போன மாசம் வீட்டில் யாருக்காவது கொரோனா வந்ததா?"

"அவங்க அய்யாவுக்கு வந்துச்சு. பிள்ளைக்கு ஒண்ணுமில்லை."

பிள்ளைக்கும் வந்து, தெரியாமலே போயிருந்தது. ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இருந்தது.

இதன் பெயர் மிஸ்-சி. 2020 ஏப்ரலில் இங்கிலாந்து டாக்டர்கள் எச்சரித்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். தொற்று வந்து 2 முதல் 6 வாரம் கழித்து வரும். கல்யாண விருந்து முடிந்து எல்லோரும் போன பிறகும் கோட்டை அடுப்பு அணையாமல் எரிந்தால் எப்படி? கிருமி போயிருக்கும், அதை எதிர்க்கக் கிளம்பிய நோய் எதிர்ப்புச் சக்தி அடங்காமல் இதயம், குடல், ரத்தக் குழாய் என்று எல்லாவற்றையும் வீங்க வைக்கும்.

நரம்பில் மருந்து ஏற்றியபடியே மதுரைக்கு அனுப்பினோம். அங்கே எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத் துடிப்பு வலுவிழந்திருந்தது. இம்யூனோகுளோபுலினும் (தானம் தந்தவர்கள் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதம்) ஸ்டீராய்டும் கொடுத்த பிறகு காய்ச்சல் இறங்கியது.

மிஸ்-சி இப்போது அபூர்வம். ஆனால் அதன் பங்காளி போன்ற கவாசாகி நோய் இன்னும் வருகிறது. 1967-இல் ஜப்பானில் விவரிக்கப்பட்டது, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். கைக்குழந்தைக்குச் சில சமயம் பிசிஜி தடுப்பூசித் தழும்பே சிவந்து தடிக்கும். இரண்டாவது வாரம் விரல் நுனியில் தோல் உரியும், அதுவரை காத்திருக்க வேண்டாம். பத்து நாளுக்குள் மருந்து போகாவிட்டால், நாலில் ஒரு பிள்ளைக்கு இதய ரத்தக் குழாய் புடைக்கலாம். மூன்று நாள் தாண்டிய காய்ச்சலோடு கண்ணோ உடம்போ சிவந்தால் கூட்டி வாருங்கள். கை கால் ஜில்லிட்டாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ அன்றைக்கே.

அப்புறம் ஒன்று: இம்யூனோகுளோபுலின் போட்ட பிள்ளைக்குத் தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகளைப் பொதுவாக 11 மாதம் தள்ளிப்போட வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

மறுபரிசோதனைக்கு வந்தபோது எக்கோ சரியாக இருந்தது. அப்பத்தாவுக்கு ஒரே கவலைதான். "தலைக்கு எப்பத் தண்ணி ஊத்தலாம்?"

"இன்னைக்கே ஊத்துங்க ஆத்தா."