பழைய வீட்டை அருங்காட்சியகம் ஆக்குகிறீர்களா? முதலில் சுவரைப் பாருங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள் அங்கிருக்கும் செட்டிநாட்டு வீட்டையும், கோட்டயம் மாவட்டம் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீட்டையும் மறந்திருக்க மாட்டார்கள். புதுப்பள்ளி வீடு 1850-இல் கட்டியது. சொந்த ஊரில் பிரித்து, ஏற்றிவந்து, மறுபடி கோத்து நிறுத்தியிருக்கிறார்கள். 1984-இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1996-இல்தான் அந்த வளாகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தது. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர்.

இப்போது பல ஊர்களில் 'பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டை மியூசியம் ஆக்கலாமா' என்று கேட்கிறார்கள். தாராளமாக ஆக்கலாம். ஆனால் பூட்டிக் கிடந்த வருடங்களில் வீடு இழந்ததைவிட, திறப்பு விழாவுக்கு முந்தைய சில மாத அவசர வேலையில் இழப்பதே பல இடங்களில் அதிகம்.

செட்டிநாட்டு வீடுகளையே எடுத்துக்கொள்வோம். பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செழித்த காலத்தில், பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் கொண்டு எழுந்தவை அவை. 1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் அந்த வருமானம் அறுந்தது. வீடு ஒன்று, பங்காளிகள் பலர் என்று ஆனபின் ஓடு மாற்றக்கூட எல்லோரும் ஒத்துவர வேண்டும். ஒத்துவராத வீடுகளின் தூணும் வாசல் நிலையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்துவிடுகின்றன. 2014 முதல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியலால் தனியொரு வீடு இடிபடுவதைத் தடுக்க முடியாது. எனவே எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட்டுப் பதிவு செய்த ஒப்பந்தம் கைக்கு வரும்வரை ஓர் ஆணிகூட அடிக்க வேண்டாம்.

அடுத்து அளவெடுப்பு. தரைப்படமும், வீட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தாற்போல் வரையும் வெட்டுப்படமும் 1:50 அளவில் வேண்டும். நிலை, தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் போதிகை போன்றவற்றுக்கு 1:10. ஒவ்வோர் அறைக்கும் நான்கு சுவர், தரை, கூரை என ஆறு படமாவது எடுங்கள். அதையும் துடைப்பம் எடுப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். விளக்கு மாடத்தை உற்றுப் பார்த்தால் மேல்வளைவில் கரி தடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து படிந்திருக்கும். காற்று எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்று அந்தச் சாய்வு சொல்லும். உத்திரத்தில் ஊஞ்சல் கொக்கி தேய்த்த பள்ளம், நெல் அறைச் சுவரில் கரியால் கிழித்த கணக்குக் கோடுகள், இவையும் அப்படித்தான். பெயின்ட் அடிக்க வருபவர் முதலில் சுரண்டித் தள்ளுவது இவற்றைத்தான்.

வீட்டைப் பிரித்து வேறிடத்தில் எழுப்புவதென்றால் எண்ணிடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. சாக்பீஸ் எண் முதல் மழையிலேயே போய்விடும். எண் பொறித்த அலுமினியத் தகட்டை, மரத்தின் வெளியே தெரியாத முகத்தில் துருப்பிடிக்காத சிறு ஆணியால் அடியுங்கள். எண்ணோடு திசையையும் குறியுங்கள். பழைய தச்சர்கள் ஒவ்வொரு கழுந்தையும், அதாவது துளைக்குள் இறங்கும் மரமுனையையும், அதனதன் துளைக்கு ஏற்பக் கையால் செதுக்கியவர்கள். ஒரு தூணைக் கால்சுற்று திருப்பி நிறுத்தினால்கூட கழுந்து இறங்காது. சுத்தியலால் தட்டி இறக்கப் பார்த்தால் தேக்கும் பிளக்கும்.

இனி சுவர். பழைய கட்டடங்களைக் காக்கும் எங்கள் துறையில் அதிகம் பார்க்கும் கேடு இங்கேதான். பழைய செங்கல் சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு அடுக்கு கிடையாது. மண்ணின் ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிப் போய்விடும். அந்தப் பூச்சைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. முன்பு இரண்டடியில் நின்ற ஈரம் நான்கடி, ஐந்தடி ஏறும். அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி அதைத் தள்ளும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், உள்ளே பொள்ளென்று கேட்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர முனைகள் யார் கண்ணுக்கும் படாமல் உளுத்துப்போகும். பூச்சு உதிர்ந்ததும் இன்னும் கெட்டியாக சிமென்ட் பூசி வாட்டர்ப்ரூஃப் ரசாயனமும் அடிக்கிறார்கள். அது நோயை வளர்ப்பது.

சரியான வழிக்குப் பொறுமை வேண்டும். சிமென்டைச் சிறு உளியால் மெல்லக் கொத்தி எடுத்துவிட்டு, சுவரை ஒரு கோடை முழுக்கத் திறந்து காயவிட வேண்டும். சுண்ணாம்பை நீற்றி மூன்று வாரமாவது தண்ணீருக்கடியில் ஊறவிட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு சலித்த மணல் சேர்த்து அரைக்க வேண்டும். கடுக்காய் ஊறலும் கருப்பட்டியும் சேர்ப்பது நம்மூர் வழக்கம். ஒரு பூச்சு 12 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்க வேண்டாம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும், அதற்கு ஈரப்பதம் தேவை. எனவே நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது வெயிலும் அனல்காற்றும் படாமல் காக்க வேண்டும். அவசரப்பட்டால் மாவாக உதிரும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய செட்டிநாட்டுச் சுவர் நல்ல நிலையில் இருந்தால், ஈரத் துணியால் துடைத்தால் போதும். அதன்மேல் எமல்ஷன் பெயின்ட் அடிக்கவே அடிக்காதீர்கள்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் அப்படித்தான். அது சிமென்ட்டும் நிறமியும் கலந்து வார்த்தது. கறை போக ஆசிட் ஊற்றினால் மேலிருக்கும் நிற அடுக்கே அரித்துப்போகும்.

மாடிக்கு மக்களை ஏற்றும் முன் பொறியாளர் கணக்குப் போட்டே ஆக வேண்டும். இந்தியத் தர விதிப்படி குடியிருக்கும் அறையின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம் தாங்கினால் போதும். அருங்காட்சியகத்துக்கு 400 கிலோ. கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளத்தில் ஒரு பள்ளி வகுப்பே கூடி நின்றால் என்னாகும் என்று யோசியுங்கள். கணக்கு இடிக்கிறதா, மாடியை மூடிவையுங்கள். அல்லது ஒரு நேரத்தில் பத்துப் பேர் என்று வரம்பு வையுங்கள்.

ஓலைச்சுவடி, பட்டுப்புடவை, பழைய போட்டோ இவற்றுக்கு 50 லக்ஸ் வெளிச்சமே உச்ச அளவு. முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் அதைப்போல் பல மடங்கு இருக்கும். அங்கே பித்தளை, கல், மண்பாண்டம் வையுங்கள்; சுவடியும் சேலையும் உள்ளறைக்குப் போகட்டும்.

வருடா வருடம் ஐப்பசி பிறக்கும் முன் முற்றத்து வடிகாலைத் தோண்டித் துப்புரவாக்குங்கள். பிறகு பத்துக் குடம் தண்ணீரை முற்றத்தில் ஊற்றி, ஒருவரை வெளியே கால்வாயருகே நிறுத்துங்கள். ஊற்றிய தண்ணீர் அங்கே வந்து சேரவில்லை என்றால், அது அஸ்திவாரத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது.